இரவு வேலைக்கு எந்த டவர் லைட்? செட்டிநாட்டுப் பணியிடங்களுக்கு ஓர் ஒப்பீடு

[காட்சி: காரைக்குடிக்கு அருகே ஒரு கட்டுமான இடம். மாலை வெளிச்சம் மங்குகிறது. டிராலியில் படுத்திருந்த கம்பம் வின்ச் சுழலச் சுழல நிமிர்கிறது.]

வணக்கம். சித்திரை, வைகாசி மாதங்களில் செட்டிநாட்டுப் பகுதியில் கூரைக் கான்கிரீட் போடுபவர்கள் உச்சி வெயிலில் அந்த வேலையைத் தொடங்க விரும்புவதில்லை. காய்ந்த ஜல்லியும் சூடேறிய மணலும் கலவையிலுள்ள நீரை விரைவாக வற்றச் செய்து, மேற்பரப்பில் வெடிப்பு விழ வழி செய்துவிடும் என்பதால், மாலையில் தொடங்கி நள்ளிரவைத் தாண்டியும் வேலை நடக்கிறது. கோயில் திருப்பணிகளில், பகல் முழுவதும் தரிசனம் நடப்பதால், சில வேலைகள் நடை சாத்திய பிறகே தொடங்குகின்றன. நெடுஞ்சாலையில் தார் போடுபவர்களும் வண்டிகள் குறையும் நேரத்துக்காகக் காத்திருக்கிறார்கள். இவர்கள் அனைவருக்கும் டவர் லைட் தேவைப்படுகிறது. ஆனால் அதை வாடகைக்கு எடுக்கும்போது பெரும்பாலோர் கேட்பது "எத்தனை வாட்?" என்ற ஒரே கேள்விதான். அந்தக் கேள்வி ஏன் போதாது என்பதையும், எந்த வேலைக்கு எந்த விளக்கு பொருந்தும் என்பதையும் இந்த வீடியோவில் பார்க்கப்போகிறோம்.

[காட்சி: டவரின் பகுதிகள் ஒவ்வொன்றாக அம்புக்குறியுடன்.]

டவர் லைட் என்பது வெறும் விளக்கு அன்று. டீசல் என்ஜின், அதனோடு இணைந்த ஜெனரேட்டர், ஏழு முதல் ஒன்பது மீட்டர் வரை நீளும் கம்பம், அதன் உச்சியில் பொதுவாக நான்கு விளக்குகள், கவிழாமல் தாங்க நான்கு பக்கமும் நீளும் ஜாக்கிகள் ஆகிய அனைத்தும் ஒரே டிராலியில் அமைந்த இயந்திரம் அது. விளக்கை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் என்ஜினில் ஏமாறுவோம். என்ஜினை மட்டும் பார்த்தால் வெளிச்சத்தில் ஏமாறுவோம். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து.

அதற்கு முன் மூன்று அளவுகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வாட் என்பது விளக்கு இழுக்கும் மின்சாரம். லூமன் என்பது அது வெளியிடும் ஒளி. லக்ஸ் என்பது ஒரு சதுர மீட்டர் தரையில் உண்மையில் வந்து விழும் ஒளி. கொத்தனாருக்கு வேண்டியது மூன்றாவது மட்டுமே. அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு விதிகள் பொதுவான கட்டுமான இடத்துக்கு 5 அடி மெழுகுவர்த்தி அளவு, அதாவது ஏறத்தாழ 54 லக்ஸ், இருக்க வேண்டும் என்கின்றன; நடந்து செல்லவும், பொருள்களைத் தூக்கிச் செல்லவும் இது போதும், நுணுக்கமான வேலைக்குப் போதாது. ஒரு விளக்கிலிருந்து உள்ள தூரம் இரண்டு மடங்கானால் விழும் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். ஒரு பெரிய டவரை ஓரத்தில் நிறுத்துவதைவிட இரண்டு சிறிய டவர்களை எதிரெதிர் மூலைகளில் நிறுத்துவது பல இடங்களில் நல்ல பலன் தருவதற்குக் காரணம் இதுதான். ஒருவருடைய நிழல் இன்னொருவருடைய வேலைமீது விழுவதும் அதனால் குறையும்.

[காட்சி: மூன்று கால் ஸ்டாண்டில் மஞ்சள் நிற ஹாலஜன் விளக்கு.]

ஹாலஜன் விளக்கைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 20 லூமன் மட்டுமே தரும்; மீதி எல்லாம் வெப்பம். நிறங்களை மிகச் சரியாகக் காட்டும் என்பது அதன் உண்மையான சிறப்பு. ஆனால் அந்த விளக்கு முறையாக எரிவதற்கே அதன் கண்ணாடிச் சுவர் 250 டிகிரிக்கு மேல் சூடாக வேண்டும். நூறாண்டு காய்ந்த பர்மா தேக்கில் தூணும் உத்தரமும் அமைந்த வீட்டுக்குள், மரத்தூளும் சணல் சாக்கும் கிடக்கும் இடத்தில், அதை வைக்கவே கூடாது என்று அழுத்தமாகச் சொல்கிறேன்.

சோடியம் விளக்கு திறன் மிகுந்தது. வாட்டுக்கு 100 லூமனுக்கு மேல் தரும். ஆனால் அதன் ஒளி ஆரஞ்சு கலந்த மஞ்சள். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதை அளக்கும் சிஆர்ஐ என்ற குறியீடு சூரிய ஒளிக்கு 100. சோடியம் விளக்குக்கோ 20-லிருந்து 25 வரைதான். கோபுரத்தில் சுதைச் சிற்பங்களுக்கு வண்ணம் தீட்டும் இடத்தில் இதை நிறுத்தினால், நீலம் கறுப்பாகவும், சிவப்பு பழுப்பாகவும் தெரியும். பச்சைக்கும் நீலத்துக்கும் வேறுபாடே தெரியாமல் போகும். வண்டிகள் நிறுத்துமிடத்துக்கோ, காவலுக்கோ, மண் அள்ளும் இடத்துக்கோ அது போதும். ஸ்தபதிகள் வேலை செய்யும் இடத்துக்குப் பொருந்தாது.

[காட்சி: கம்பத்தின் உச்சியில் நான்கு பெரிய விளக்குகள் மெல்ல மெல்ல வெண்மை பெறுகின்றன.]

இப்போது நம் ஊர்ப் பக்கம் வாடகைக்குக் கிடைக்கும் பழைய டவர்கள் பலவற்றில் இருக்கும் மெட்டல் ஹாலைடு விளக்குக்கு வருவோம். 1960-களில் பயன்பாட்டுக்கு வந்த இந்தத் தொழில்நுட்பம், பல ஆண்டுகளாக விளையாட்டு மைதானங்களையும் பணியிடங்களையும் ஆண்டது. 1,000 வாட் விளக்கு ஒன்று புதிதாக இருக்கும்போது ஒரு லட்சம் லூமனுக்கு மேல் தரும். ஒளி வெண்மையானது; சிஆர்ஐ 65 அளவில் இருக்கும். காகிதத்தில் பார்க்கும்போது நல்ல விளக்கு. பணியிடத்தில்தான் அதன் குறைகள் தெரிகின்றன.

முதலாவது, அது உடனே எரியாது. உள்ளே இருக்கும் பாதரசமும் உலோக உப்புகளும் ஆவியாகி முழு வெளிச்சம் தர நான்கைந்து நிமிடங்கள் ஆகும். இது பெரிய குறை அன்று. இரண்டாவது குறைதான் பெரியது: எரிந்துகொண்டிருக்கும் விளக்கு ஒரு நொடி அணைந்தாலும், அது மீண்டும் பற்றிக்கொள்ளப் பத்துப் பதினைந்து நிமிடங்கள் ஆகும். சூடாக இருக்கும் குழாய்க்குள் ஆவியின் அழுத்தம் மிக அதிகமாக இருப்பதால், மின்பொறியால் அதைத் துளைத்துப் பாய முடியாது. குழாய் ஆறிய பிறகே மறுபடி பற்றும்.

இதன் விளைவை ஒரு கூரைக் கான்கிரீட் இரவில் பாருங்கள். சாரத்தின் சாய்தளத்தில் சித்தாள்கள் பாண்டுச் சட்டியைத் தலையில் வைத்து வரிசையாக ஏறிக்கொண்டிருக்கிறார்கள். யாரோ ஒருவர், கலவையை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டரின் பிளக்கை டவர் ஜெனரேட்டரிலேயே செருகுகிறார். மோட்டார் கிளம்பும் அந்தக் கணத்தில் மின்னழுத்தம் சரிய, நான்கு விளக்குகளும் ஒன்றாக அணைகின்றன. "அப்படியே நில்லுங்கம்மா, யாரும் காலை எடுக்காதீங்க!" என்று மேஸ்திரி கத்துகிறார். தலையில் சுமையோடு, காலடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல், அந்தப் பெண்கள் இருட்டில் நிற்கிறார்கள். கீழே ஊற்றிய கலவை இதற்கிடையே இறுகத் தொடங்கிவிட்டால், அதன்மேல் பின்னர் ஊற்றும் கலவை சரியாக ஒட்டாமல், நாளை மழைநீர் கசியும் இணைப்பாக அது மாறலாம். ஒரு விளக்கின் இயற்பியல் குணம் ஒரு தொழிலாளியின் உயிரையும் ஒரு வீட்டின் கூரையையும் தொடுகிறது என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

மெட்டல் ஹாலைடு டவரைத்தான் எடுக்க வேண்டிய நிலை என்றால், வைப்ரேட்டருக்கும் கலவை இயந்திரத்துக்கும் தனி ஜெனரேட்டர் வையுங்கள். சாரத்தின் படிக்கட்டில் பேட்டரியில் எரியும் சிறு அவசர விளக்குகள் சிலவற்றையும் கட்டிவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. இந்த விளக்கின் உட்குழாய் புறஊதாக் கதிரை வெளியிடுகிறது. வெளிக் கண்ணாடிதான் அதைத் தடுக்கிறது. செம்மண் பாதையில் டிராலி குலுங்கி வரும்போது வெளிக் கண்ணாடி உடைந்தாலும் சில வகை விளக்குகள் உள்ளே தொடர்ந்து எரியும். அதன் கீழ் வேலை செய்பவர்களுக்கு, வெல்டிங் ஒளியை வெறும் கண்ணால் பார்த்தவருக்கு ஏற்படுவதுபோல், சில மணி நேரம் கழித்துக் கண்ணில் மணல் விழுந்த உறுத்தல் உண்டாகும். தோலும் சிவந்து எரியும். கண்ணாடி உடைந்த விளக்கை, எவ்வளவு அவசர வேலையானாலும், உடனே அணைக்க வேண்டும்.

[காட்சி: எல்இடி பலகையின் பின்புறம், வெப்பத்தைக் கடத்தும் உலோக இதழ்கள்.]

எல்இடி விளக்கில் ஆவியும் இல்லை, உடையும் குழாயும் இல்லை. நீல ஒளி தரும் எல்இடி 1990-களின் தொடக்கத்தில் கைகூடிய பிறகே, அதன்மேல் பாஸ்பர் என்ற ஒளிர்பொருள் பூச்சு இட்டு வெள்ளை ஒளி பெறுவது சாத்தியமானது. அந்தச் சாதனைக்காக அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இன்றைய நல்ல எல்இடி விளக்கு வாட்டுக்கு 130 முதல் 150 லூமன் வரை தருகிறது. சுவிட்சைத் தட்டியதும் முழு வெளிச்சம். அணைந்தாலும் அடுத்த நொடியே எரியும்.

"1,000 வாட் விளக்குக்குப் பதில் 350 வாட் எல்இடி எப்படிப் போதும்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. நான்கு மெட்டல் ஹாலைடு விளக்குகள் சேர்ந்து நான்கு லட்சம் லூமன் தருகின்றன என்று வைத்துக்கொள்வோம். விளக்கு எல்லாத் திசைகளிலும் ஒளி வீசுவதால், அதைச் சூழ்ந்த பிரதிபலிப்புக் கிண்ணத்தில் பட்டுத் திரும்பி வெளியே வருவதற்குள் ஏறத்தாழ 30 சதவீதம் வீணாகும். விளக்கின் வயது பாதியைக் கடக்கும்போது இன்னொரு 30 சதவீதம் குறைந்திருக்கும். எஞ்சுவது 1,96,000 லூமன். எல்இடி ஒரே பக்கம் நோக்கி ஒளி வீசுவதால், வாட்டுக்கு 140 லூமன் என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் வெளியே வரும் ஒளியின் கணக்கே. நான்கு விளக்குகள், ஒவ்வொன்றும் 350 வாட். பெருக்கிப் பாருங்கள், அதே 1,96,000. மெட்டல் ஹாலைடு விளக்குக்குச் செல்லும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சோக்கின் இழப்பையும் சேர்த்தால் பழைய டவர் இழுப்பது 4,300 வாட்டுக்கு மேல். புதியது இழுப்பது 1,400 வாட்.

எல்இடி சூடாகாது என்பது மட்டும் தவறான நம்பிக்கை. வெப்பம் முன்பக்கம் வராமல் பின்பக்கம் செல்கிறது, அவ்வளவே. பின்னாலுள்ள உலோக இதழ்களுக்கு இடையே சிமெண்ட் தூசியும் செம்மண்ணும் அடைத்துக்கொண்டால் உள்ளே சூடு ஏறி, ஆயுள் குறையும். 50,000 மணி நேரம் எரியும் என்று அட்டையில் எழுதியிருப்பது, அத்தனை மணிக்குப் பிறகு ஒளி 70 சதவீதமாகக் குறையும் என்ற பொருளில்தான். நடைமுறையில் எல்இடிக்கு முன்பே பழுதாவது அதற்கு மின்சாரம் தரும் டிரைவர். டிரைவரைத் தனியாகக் கழற்றி மாற்ற முடிகிறதா என்று வாங்குமுன் கேளுங்கள்.

[காட்சி: டீசல் என்ஜினின் புகைபோக்கி. அதன் விளிம்பில் கறுப்பு எண்ணெய்க் கசிவு.]

இனி, பலரும் கவனிக்காத பகுதி. பழைய டவரில் மெட்டல் ஹாலைடு விளக்குகளைக் கழற்றிவிட்டு எல்இடி மாட்டி, "எல்இடி டவர்" என்று வாடகைக்குத் தருவது வழக்கமாகி வருகிறது. வெளிச்சத்தில் குறையில்லை. ஆனால் கீழே இருப்பது அதே பழைய பெரிய என்ஜின். ஆறேழு கிலோவாட் தரவல்ல ஜெனரேட்டரிடம் ஒன்றரை கிலோவாட்டுக்கும் குறைவான சுமையைக் கொடுத்து இரவு முழுவதும் ஓட்டினால், டீசல் செலவு சுமையின் விகிதத்தில் குறையாது. ஏனென்றால் பெரிய என்ஜின் சும்மா சுழல்வதற்கே கணிசமான டீசல் வேண்டும்.

அதைவிடக் கேடு என்ஜினுக்கு. டீசல் என்ஜின் தன் திறனில் ஏறத்தாழ 30 சதவீதத்துக்கும் குறைவான சுமையில் நெடுநேரம் ஓடும்போது, சிலிண்டர் போதிய சூடு பெறுவதில்லை. டீசல் முழுவதும் எரியாமல், கரியும் எண்ணெயுமாகப் புகைக் குழாயில் படிகிறது. புகைபோக்கியின் வாயில் தார்போன்ற கறுப்பு ஈரம் கசிந்திருந்தால், நோய் தொடங்கிவிட்டது என்று பொருள். நாளடைவில் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் அடைக்கும், திறன் குறையும். மறுபுறம், 1,400 வாட் சுமைக்கு ஏற்ற மூன்று கிலோவாட் அளவிலான சிறிய என்ஜின் பாதிச் சுமையில் நலமாக ஓடும்.

சிறிய டீசல் ஜெனரேட்டர்கள் சரியான சுமையில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ இரண்டரை யூனிட் மின்சாரம் தருகின்றன என்று கொண்டால், பழைய டவருக்கு மணிக்கு 1.7 லிட்டரும், சிறிய என்ஜினுள்ள எல்இடி டவருக்கு 0.6 லிட்டரும் ஆகும். பத்து மணி நேர இரவில் வேறுபாடு 11 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் ஓர் இரவுக்குக் கிட்டத்தட்ட 1,000 ரூபாய். வாடகையில் சில நூறு ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும் சிறிய என்ஜின் டவரே சிக்கனம். ஆகவே விளக்கின் வாட்டைக் கேட்கும்போதே ஜெனரேட்டரின் கேவிஏ, அதாவது அதன் திறன் அளவு, எவ்வளவு என்றும், நேற்றைய வேலையில் எவ்வளவு டீசல் ஊற்றினார்கள் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

[காட்சி: கானாடுகாத்தான் தெரு. இரு புறமும் நீண்ட உயர்ந்த சுவர்கள்.]

சத்தமும் செட்டிநாட்டில் முக்கியம். ஒலி மாசு விதிகள், 2000-ன்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அனுமதிக்கப்பட்ட அளவு 45 டெசிபல். ஒலித்தடுப்புக் கூடுள்ள ஜெனரேட்டருக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 75 டெசிபல் என்பது வரம்பு. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்காகும்போது ஆறு டெசிபல் குறையும் என்பதால், 45-க்கு இறங்க முப்பது மீட்டருக்கு மேல் வேண்டும். ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டும் உள்ள பெரிய வீடுகளின் சுவர்களுக்கு நடுவே ஒலி எதிரொலித்து இன்னும் நெடுந்தூரம் செல்லும். வயதான ஆச்சிமார் மட்டும் தங்கியிருக்கும் வீடுகள் பல உள்ள தெருவில் இதைப் பொருட்படுத்தாமல் இருப்பது முறையன்று. வளவு முற்றம் திறந்துதானே இருக்கிறது என்று ஜெனரேட்டரை வீட்டுக்குள் கொண்டுவருவதோ அதைவிட ஆபத்து: புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, சுற்றியுள்ள அறைகளில் உறங்குபவரை எழுப்பாமலே கொல்லும். என்ஜின் தெருவில் இருக்கட்டும். ஒயர் மட்டும் உள்ளே வரட்டும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரைமீது டிராலியை ஏற்றவும் வேண்டாம்.

இத்தகைய இடங்களுக்குப் பேட்டரி டவர் மிகவும் பொருத்தமானது. 120 வாட் எல்இடி நான்கு, பத்து மணி நேரம் எரிய 4.8 யூனிட் வேண்டும். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் வடிக்கக் கூடாது என்பதால், 12 வோல்ட் 200 ஆம்பியர்-அவர் பேட்டரிகள் நான்கு தேவை. அவற்றின் எடையே இருநூறு கிலோவைத் தாண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 90 சதவீதம் வரை பயன்படுத்தலாம். எடையும் அதைவிட மிகக் குறைவு. 1948-ல் அடிக்கல் நாட்டி 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடியில் இருந்து மின்கலங்களைப் பற்றி ஆராய்ந்து வருகிறது என்பதை நினைக்கும்போது, இந்த ஊர்ப் பணியிடங்கள் பேட்டரி விளக்குக்கு மாறுவதில் முன்னால் நிற்க வேண்டும் என்று மனம் விரும்புகிறது. சோலார் பலகையோடு சேர்த்தால், வெயில் காலத்தில் ஒன்றேகால் கிலோவாட் பலகை பகலில் இதை நிரப்பிவிடும். ஐப்பசி, கார்த்திகை மூட்டத்தில் நிரப்பாது; அப்போது சிறிய டீசல் என்ஜினும் இணைந்த கலப்பு வகையோ, பகலில் வீட்டு மின்சாரத்தில் சார்ஜ் செய்யும் வசதியோ இருக்க வேண்டும்.

[காட்சி: சுண்ணாம்புப் பூச்சுச் சுவர். பக்கவாட்டிலிருந்து ஒளி விழ, மேடுபள்ளங்கள் தெரிகின்றன.]

பூச்சு வேலைக்கு வெளிச்சத்தின் அளவைவிடத் திசை முக்கியம். சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, கடுக்காய் எல்லாம் சேர்த்து மெருகேற்றும் செட்டிநாட்டுப் பூச்சில், நேரே முன்னாலிருந்து அடிக்கும் ஒளி எல்லாக் குறைகளையும் மறைத்துவிடும். சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் வைத்த சிறிய எல்இடி, கரணை விட்ட ஒவ்வொரு வரியையும் நிழலாகக் காட்டும். வண்ண வேலைக்கு சிஆர்ஐ 90-க்கு மேல் உள்ள விளக்கைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். சாதாரண டவர் எல்இடி 70 அளவில்தான் இருக்கும். மழைக்குப் பிந்தைய மாலைகளில் ஈசல் மொய்த்து ஈரப் பூச்சிலும் வண்ணத்திலும் ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். புறஊதாக் கதிரும் நீல ஒளியும் பூச்சிகளை அதிகம் ஈர்ப்பதால், ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் அளவு 3,000 ஆக உள்ள மஞ்சள் கலந்த எல்இடி அங்கே உதவும்.

கல் அறுக்கும் இடத்தில் துடிப்பையும் பார்க்க வேண்டும். சோக்கில் எரியும் விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி எரிவதால், சுழலும் வட்டு நிற்பதுபோலவோ மெதுவாகச் சுற்றுவதுபோலவோ தோன்றலாம். மலிவான டிரைவர் கொண்ட எல்இடியிலும் இதே குறை உண்டு. கைப்பேசிக் கேமராவில் பார்க்கும்போது பட்டை பட்டையாக ஓடினால், அந்த விளக்கை அறுக்கும் இயந்திரத்துக்கு அருகே வைக்காதீர்கள்.

சாலையில் நிறுத்துபவர்கள் விளக்கை வண்டி வரும் திசைக்கு எதிராகத் திருப்பக் கூடாது. எல்இடியின் ஒளி சிறு புள்ளிகளிலிருந்து வருவதால் கூச்சம் அதிகம். காரைக்குடி–தேவகோட்டைச் சாலை போன்ற இடங்களில், ஒளியைப் பரப்பும் வெள்ளைத் துணி உருண்டைக்குள் விளக்கு வைத்த பலூன் டவர் நல்லது. வெளிச்சம் சற்றுக் குறையும். ஓட்டுநரின் கண் தப்பும்.

[காட்சி: ஜாக்கியின் அடியில் தடித்த பலகை. பக்கத்தில் தரையில் இறங்கிய எர்த் கம்பி.]

நிறுத்தும் முறையை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். மழையில் ஊறிய செம்மண்ணில் ஜாக்கி புதையும்; அடியில் பலகை வையுங்கள். கம்பத்தை ஏற்றுமுன் மேலே மின்கம்பி போகிறதா என்று பகலிலேயே பார்த்துவிடுங்கள். எர்த் கம்பி இல்லாமல் ஜெனரேட்டரைக் கிளப்ப வேண்டாம். ஆடிக் காற்று வலுக்கும்போது, தயாரிப்பாளர் தகட்டில் எழுதியுள்ள வேகத்துக்கு முன்பே கம்பத்தை இறக்குங்கள்.

எல்இடிக்கு மாறும் டவர் உரிமையாளர்களிடம் பழைய மெட்டல் ஹாலைடு விளக்குகள் குவியும். ஒவ்வொன்றிலும் பாதரசம் உண்டு. செட்டிநாட்டு ஊர்கள் பலவற்றில் மழைநீரைச் சேர்த்து வைக்கும் ஊருணிகள் இன்றும் பயன்பாட்டில் இருப்பதால், அவற்றின் நீர்வரத்து நிலத்திலோ குப்பைமேட்டிலோ இந்த விளக்குகளை எறிய வேண்டாம். பாதரச விளக்குகள் மின்னணுக் கழிவு விதிகளுக்குள் வருகின்றன; உடையாமல் அட்டைப் பெட்டியில் அடுக்கி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படையுங்கள். கையில் உடைந்துவிட்டால் அறையைத் திறந்துவிட்டு வெளியேறி, சிறிது நேரம் கழித்துத் துடைப்பத்தால் கூட்டாமல், தடித்த அட்டையால் சில்லுகளை வழித்தெடுத்து, மூடியுள்ள டப்பாவில் போட்டு, அதையும் அதே மறுசுழற்சியாளரிடம் கொடுத்துவிட வேண்டும்.